பத்து கிலோவுக்குக் கீழே

புளியரைச் சோதனைச்சாவடிக்கு முன்னால்
ஒரு எடைமேடை. ராத்திரி ஷிஃப்ட் எனக்கு.
வைக்கோல், கோழி, எம்-சாண்ட், ஓணம் நெருங்கினால் பூ,
மலை ஏறப் போகிற எல்லாம்
என் கண் முன்னால் ஒருமுறை ஏறி இறங்கும்.
சீட்டின் அடியில் அச்சாகும்:
ஆபரேட்டர் உலகம்மாள்.

வெட்டி எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். கரண்ட் வைத்தார்கள்.
முடி திரும்ப வந்தது, சுருட்டையாக,
வேறொருத்திக்குப் போக வேண்டியது வழி தவறினாற்போல.
முடிந்தது என்று நினைத்துத்தான்
அன்றைக்கு ரயில் ஏறினேன்.
ஆரியங்காவு குகையில்கூட விழிக்காமல் தூங்கினேன்.

திருவனந்தபுரத்தில் டாக்டர் சொன்னார்:
இனி ஒரு குளிக மட்டும்.
அஞ்சு கொல்லம் கழிக்கணும்.

பதினாறு வருஷம் மலையாள டிரைவர்களோடு
மல்லுக்கு நிற்கிறவள் நான்.
கொல்லம் என்றால் வருஷம், கழிப்பதென்றால் உண்பது,
தெரியாதா எனக்கு?
ஆனாலும் என் காது அந்த நிமிஷம்
தமிழைத் தவிர வேறொன்றும் கேட்க மாட்டேனென்றது.
அஞ்சைக் கழி.
எதிலிருந்து, சார்?

தாளில் நூறு வட்டம் போட்டார்.
மாத்திரை இல்லையென்றால் இவ்வளவு பேருக்குத் திரும்பும் என்று
சிலதை நிரப்பினார்.
தின்றால் இவ்வளவு என்று அதிலும் சிலதை அடித்தார்.
இதில் நான் எந்த வட்டம்?
பேனாவை மூடி வைத்துவிட்டு
அது தெரியாதே என்றார், நல்ல மனுஷன்.

வெக்கை அடிக்கும், தூக்கம் கெடும்,
கர்ப்பப்பையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.
தாளின் பின்பக்கத்தில் இருந்த ஒரு வரியை மட்டும்
உள்பக்கமாக மடித்துக்கொண்டேன்,
முப்பிடாதி கண்ணில் படாமல்.

அவர் வாசித்துவிட்டு, உனக்கு எப்படித் தோணுதோ
அப்படிச் செய் என்றார்.
தாலி கட்டும்போது ஒருத்தரும்
இப்படிக் கேட்கவில்லை.

கடையநல்லூர் மைதீன்பாத்து அக்காவுக்கு வேறு மாத்திரை.
ரெண்டாம் வருஷம் நிறுத்திவிட்டாள்.
சஜ்தாவுக்குப் போனால் முட்டி எழும்ப விடலையே புள்ள,
நாற்காலியில் உட்கார்ந்து தொழுதால்
நான் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிற மாதிரி இருக்கு.
நிறுத்தியபிறகு பயமா இல்லையா?
இருக்கு. ஆனா தரையில் நெற்றி வைச்சுப் பயப்படுறேன்.

போன வாரம் சாரலில் நனைந்த வைக்கோல் லாரி.
காலையில் தென்காசியில் போட்ட எடைக்கும் இதற்கும்
முன்னூறு கிலோ வித்தியாசம் என்று
கோட்டயத்துக்காரன் குதித்தான்.
தண்ணீரும் சேர்ந்ததுதான் எடை,
இப்போது என்னவோ அதுதான் சீட்டில் வரும் என்றேன்.
சொன்னது அவனுக்குத்தான்.

ஒன்றரை மணிக்கு வண்டி இல்லை.
இறங்கிப் போய் மேடை நடுவில் நின்றேன்.
வெளிப்பலகையில் சிவப்பாக எழுந்தது: 60.
ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியும் இப்படி நின்றிருக்கிறேன்.
அன்றைக்கும் 60.
பத்து பத்தாகத்தான் எண்ணும் இந்த மேடை.
வெட்டி எடுத்ததை அது கவனிக்கவே இல்லை.
இந்த மாத்திரையையும் கவனிக்காது.
நாற்பது டன்னைச் சொல்லத் தெரிந்ததற்கு
இதைச் சொல்லத் தெரியவில்லையே என்று
அந்த நேரத்தில் ஒரு சிரிப்பு வந்தது, கெட்ட சிரிப்பு.

அடுத்த முறை போனபோது கேட்டேன்:
ரெண்டு வருஷம். அதற்கப்புறம் பேசுவோம்.
இது சந்தையல்ல உலகம்மா என்றார்.
எனக்குச் சந்தைதான் தெரியும் சார்.
அவர் அஞ்சு என்றே எழுதினார்.
நான் ரெண்டு என்றே வாங்கிக்கொண்டேன்.

இருபது நாளாகிறது.
வெளியே கோழி லாரிக்காரன் துண்டைப் போர்த்தி நடுங்குகிறான்.
கூண்டுக்குள் எனக்குக் கழுத்து, காது, முதுகெல்லாம் கொதிக்கிறது.
ஜன்னலில் குனிந்து பார்த்தவன்
எந்தா சேச்சி, இந்த மழையிலயும் வேர்க்குதா என்கிறான்.

வண்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் எடு,
பின்சக்கரம் மேடையில் ஏறவில்லை
என்கிறேன்.